தீப்பொறி தேவைப்படாத இன்ஜின்! - ருடால்ஃப் டீசலின் கதை

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கீழே தண்டவாளத்தில் மின்சார ரயில் சர்ரென்று ஓடும். இந்தப் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால், பாலத்தின் மேலே? கூட்டத்தை அள்ளிக்கொண்டு, முக்கி முனகி, தடதடவென்று ஏறுமே ஒரு பஸ்... அதன் வயிற்றுக்குள் இருப்பது டீசல் இன்ஜின். படப்பிடிப்புக்குப் போகும் ஜெனரேட்டர் வேன், மணல் லாரி, கரன்ட் போனதும் அடுக்குமாடி வாசலில் உறுமும் ஜெனரேட்டர் என்று எங்கே திரும்பினாலும் டீசல்தான்.

சரி, டீசல் என்றால் என்ன? பெட்ரோல் பங்க்கில் போடும் எண்ணெயின் பெயர் என்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா? அவர்தான் ருடால்ஃப் டீசல். உலகத்துக்கே உழைக்கும் இயந்திரத்தைக் கொடுத்தவர். ஆனால், அவருடைய வாழ்க்கை அந்தப் பாலத்தைவிடப் பெரிய ஏற்றமும் இறக்கமும் கொண்டது. வாருங்கள், பார்க்கலாம்.

தனியாகப் போன பையன்

1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, பாரிஸ் நகரில் பிறந்தார் ருடால்ஃப். அப்பாவும் அம்மாவும் ஜெர்மனிக்காரர்கள். அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர், தோல் பொருட்களும் செய்வார். வசதியான குடும்பம் இல்லை. பாரிசில் பழைய இயந்திரங்களை வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. நேரம் கிடைத்தால் போதும், ருடால்ஃப் அங்கே போய்விடுவான். நீராவி வண்டியையும் சக்கரங்களையும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. ஜெர்மன் குடும்பங்கள் பாரிசில் இருக்க முடியவில்லை. டீசல் குடும்பம் வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடியது. அங்கே கையில் காசில்லை. எல்லோருக்கும் சோறு போட முடியாத நிலை. அதனால் 12 வயது ருடால்ஃபை ஜெர்மனியில் இருக்கும் ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். நீங்கள் 12 வயதில், போர் நடக்கும்போது, தன்னந்தனியாக நாடு விட்டு நாடு போவதை நினைத்துப் பாருங்கள்!

அந்த வீட்டு மாமா ஒரு கணக்கு வாத்தியார். அது ருடால்ஃபின் அதிர்ஷ்டம். அவர் பாடம் நடத்திய பள்ளியிலேயே ருடால்ஃபும் சேர்ந்தான். கணக்கும் அறிவியலும் அவனுக்கு வெல்லக்கட்டி. 14 வயதில், தான் இன்ஜினியர் ஆகப்போவதாக அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டான். 1873-ல் வகுப்பிலேயே முதல் மாணவனாகத் தேறினான்.

பிள்ளை சீக்கிரம் வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்க மாட்டானா என்று பெற்றோர் நினைத்தார்கள். ஆனால், மியூனிக் நகரின் பொறியியல் கல்லூரி அவனுக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. 1875-ல் அங்கே சேர்ந்தான்.

பம்பு தீ மூட்டுமா?

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்சாதன இயந்திரங்களில் பெரிய நிபுணர். ஒரு நாள் வகுப்பில் அவர் சொன்ன விஷயம் ருடால்ஃபை உலுக்கிவிட்டது. அந்தக் காலத்தில் உலகமே நீராவி இன்ஜினை நம்பி ஓடியது. ஆனால், அதில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட சரியாக வேலையாக மாறுவதில்லை. மீதி எல்லாம் புகையாகவும் சூடாகவும் வீண்!

பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் உங்கள் அம்மா சும்மா விடுவாரா? ருடால்ஃபுக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வீணடிப்பைக் குறைக்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டார். அப்போது தோன்றிய ஆசை அவரைக் கடைசி வரை விடவில்லை.

இன்னொரு ஆசையும் இருந்தது. நீராவி இன்ஜின் பெரியது, விலை அதிகம். பணக்காரத் தொழிற்சாலைகள்தான் வாங்க முடியும். சின்னப் பட்டறை வைத்திருக்கும் தச்சரும் நெசவாளரும் அவற்றோடு போட்டி போட முடியாமல் நசிந்து போனார்கள். அவர்களும் வாங்கக்கூடிய, சிக்கனமான இன்ஜின் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்தார்.

எப்படிச் செய்வது? சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறீர்களா? நாலைந்து தரம் வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். தென்கிழக்கு ஆசியாவில் இதை வைத்தே நெருப்பு மூட்டினார்கள். ஒரு சிறு குழாய்க்குள் பஞ்சு போன்ற பொருளை வைத்து, தண்டை ஒரே குத்தாகக் குத்துவார்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி, பஞ்சு பற்றிக்கொள்ளும். அதே போன்ற தீமூட்டும் கருவி ஆக்ஸ்பர்க் பள்ளியிலும் இருந்தது.

காற்றை நன்றாக அழுத்தினால் போதும், தீக்குச்சியும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம். எண்ணெயைத் தெளித்தால் தானாகவே எரியும்! இதுதான் ருடால்ஃப் டீசலின் யோசனை.

வெடித்தது ஒரு தரமா, இரண்டு தரமா?

1879-ல் இறுதித் தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த தேர்வுக்குக் காத்திருந்து, 1880 ஜனவரியில் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார். பிறகு லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காகப் பாரிஸ் போனார். 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள்.

பகலில் ஐஸ் வேலை, மற்ற நேரத்தில் இன்ஜின் ஆராய்ச்சி. முதலில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினைச் செய்து பார்த்தார். அது வெடித்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் ஆனது. பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கண்பார்வையும் பாதிக்கப்பட்டது. வேறு யாராக இருந்தாலும் போதுமடா சாமி என்று விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை.

1893-ல் அவருடைய புதிய இன்ஜினுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் சோதனை. உள்ளே எரிபொருளைச் செலுத்தியதும் படார்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. துண்டுகள் டீசலுக்கு அருகில் பறந்தன.

மற்றவர்கள் பயந்தார்கள். டீசலுக்கோ உள்ளூர மகிழ்ச்சி. ஏன் தெரியுமா? தீப்பொறி இல்லாமல் எரிபொருள் பற்றிக்கொண்டதே! அவருடைய யோசனை சரி என்று இன்ஜினே சொல்லிவிட்டது. ஆனாலும், அந்த இன்ஜின் சொந்த சக்தியில் ஓடவில்லை. தாளில் கணக்குப் போட்ட அழுத்தம் வரவே இல்லை. காற்று எங்கெங்கோ கசிந்தது. கசியும் பம்பில் காற்றடித்தால் டயர் நிரம்புமா?

மாற்றிச் செய்து, மறுபடியும் சோதித்தார். 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் தானாகவே ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று ஆண்டுகள் உழைத்தார்.

1897 பிப்ரவரி 17-ல் பேராசிரியர் ஒருவர் வந்து இன்ஜினை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு சிலிண்டரோடு நின்ற அந்த இன்ஜின் உலகப் புகழ் பெற்றது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் பெயரையே வைத்துவிடுங்கள் என்று மனைவி மார்த்தா யோசனை சொன்னதாகச் சொல்வார்கள்.

டேப்பட் என்றால் என்ன?

அன்று டீசலைப் பாடாய்ப் படுத்திய கசிவை, இன்றும் நம் ஊர் மெக்கானிக் அண்ணன்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது என்று சொல்வார்கள். அது என்ன?

டீசல் இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும். நான்கு வேலைகள் வரிசையாக நடக்கும்.

1. பிஸ்டன் இறங்கும், காற்று உள்ளே வரும்.
2. பிஸ்டன் ஏறும், காற்று சுமார் 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காக நசுங்கும். 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும்.
3. அதில் டீசல் தெளிக்கப்படும், தானே பற்றி எரியும், பிஸ்டனைக் கீழே தள்ளும்.
4. பிஸ்டன் மறுபடி ஏறும், புகை வெளியே போகும்.

காற்று வருவதற்கு ஒரு கதவு, புகை போவதற்கு ஒரு கதவு. இந்தக் கதவுகள்தான் வால்வுகள். ராக்கர் ஆர்ம் என்ற சின்ன நெம்புகோல் வந்து தலையில் தட்டினால் வால்வு திறக்கும். ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். நெம்புகோலுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அதைத்தான் டேப்பட் இடைவெளி என்கிறோம்.

எதற்கு இடைவெளி? இரும்பு சூடானால் நீளும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் நீண்ட வால்வு நெம்புகோலில் முட்டி, சரியாக மூடாமல் நின்றுவிடும். உடனே அழுத்தம் கசியும். காற்று போதிய அளவு சூடாகாது. டீசல் சரியாக எரியாது, புகை கக்கும். நெருப்பு அந்தச் சந்து வழியாகவே பீறிட்டு, வால்வையும் தின்றுவிடும். இடைவெளி அதிகமானால்? டக்கு டக்கு என்று சத்தம் வரும். வால்வு தாமதமாகவும் கொஞ்சமாகவும் திறக்கும். பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும், பாலம் ஏறத் திணறும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். தயாரித்தவர்களின் கையேட்டில் எழுதியிருக்கும். உதாரணமாக, 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டுத் தாள் மூன்றை அடுக்கினால் வருமே, அவ்வளவுதான்! புகை போகும் வால்வு அதிகம் சூடாவதால் அதற்குப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுவார்கள்.

மெக்கானிக் அண்ணன் இதை எப்படிச் செய்கிறார்? இன்ஜினை நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி ஆறவிடுவார். மேல்மூடியைக் கழற்றுவார். பிளைவீலை மெல்லத் திருப்பி, பிஸ்டன் காற்றை முழுதாக அழுத்தி உச்சியில் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவார். அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிறகு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளியில் நுழைப்பார். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்புவார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே நழுவ வேண்டும். இறுகவும் கூடாது, லொடலொடவென்றும் இருக்கக் கூடாது. திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குவார். முறுக்கும்போது இடைவெளி மாறியிருக்கலாம் என்பதால், தகட்டை மறுபடியும் விட்டுப் பார்ப்பார். ஆறு சிலிண்டர் என்றால், எல்லா வால்வுக்கும் இதே பொறுமை.

ஒரு கணக்கு போடலாமா? இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் ஒவ்வொரு வால்வும் திறக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 900 தரம், ஒரு நொடிக்கு 15 தரம்! மூன்று தாள் அளவு தவறினாலும் ஏன் இன்ஜின் சண்டித்தனம் செய்கிறது என்று இப்போது புரிகிறதா?

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

1900-ல் பாரிசில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. டீசல் இன்ஜினுக்கு அங்கே மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே நின்ற ஓர் இன்ஜின் எதில் ஓடியது தெரியுமா? வேர்க்கடலை எண்ணெயில்! நம் வீட்டில் வடை சுடுகிற அதே கடலை எண்ணெய்தான். அது அவ்வளவு சீராக ஓடியதால், எண்ணெய் மாறியிருப்பதைப் பார்வையாளர்களில் பலர் கவனிக்கவே இல்லை.

பெட்ரோலியம் கிடைக்காத நாடுகளிலும் விவசாயிகள் தாங்கள் விளைவிக்கும் எண்ணெயிலேயே இன்ஜினை ஓட்டலாம் என்று டீசல் நம்பினார். நம் நாட்டிலும் புங்கம், காட்டாமணக்கு விதைகளிலிருந்து பயோடீசல் எடுக்கும் முயற்சிகள் நடந்தன. நூறு ஆண்டுக்கு முன்பே அதை யோசித்துவிட்டார் பார்த்தீர்களா!

பணம் வந்தது, போனது

பல நாட்டு நிறுவனங்கள் இன்ஜினைச் செய்யும் உரிமையை விலை கொடுத்து வாங்கின. அமெரிக்க உரிமை மட்டும் பத்து லட்சம் மார்க்குக்கு விலை போனது. பைண்டிங் தொழிலாளியின் மகன் கோடீஸ்வரர் ஆனார். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால், இன்ஜினை நன்றாக அறிந்த அவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லை. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட பணம் மூழ்கியது. இந்தக் கண்டுபிடிப்பு அவருடையதே இல்லை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். முதலில் விற்ற இன்ஜின்கள் சில அடிக்கடி பழுதாயின. ஓயாத வேலையால் தலைவலியும் உடல்நலக் குறைவும் வாட்டின. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து தாங்களே தொழிற்சாலை நடத்தலாம் என்று 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வாங்கியவர்கள் மிகக் குறைவு.

வெளியே அவருடைய இன்ஜினுக்கு வெற்றி மேல் வெற்றி. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற பெரிய கப்பல், டீசல் இன்ஜினோடு பாங்காக் வரை போய் வந்து உலகத்தை வியக்க வைத்தது. வீட்டுக்குள்ளோ கடன் மலையாக வளர்ந்தது. அதை அவர் குடும்பத்தாரிடம்கூட மனம் விட்டுச் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29. லண்டனில் ஒரு கூட்டத்துக்காக, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். நண்பர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். காலை ஆறேகாலுக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கையில் யாரும் படுத்த அடையாளமே இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதனிடம் இருந்த பொருட்களைப் பார்த்து, அவை அப்பாவுடையவைதான் என்று மகன் அடையாளம் காட்டினார். அப்போது டீசலுக்கு 55 வயது.

அந்த இரவு என்ன நடந்தது? கடன் சுமை தாங்கவில்லையா, தவறி விழுந்தாரா, வேறு சதியா என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. இன்ஜினுக்குள் அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே சொன்னவர், தன் மனதில் இருந்த அழுத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. குட்டீஸ், மனதில் பாரம் இருந்தால் அம்மா, அப்பா, டீச்சர் என்று யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சொன்னால் பாதி குறையும்.

நம் ஊருக்கு வந்த டீசல்

அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்துத்தான் டீசல் லாரிகள் சாலைக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும் இதே குடும்பம்தான். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். சென்னையில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரில் டீசல் லாரிகளையும் பஸ்களையும் செய்தது. செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் டீசல் இன்ஜின்களைத் தயாரித்தது.

டீசல் புகை உடலுக்குக் கேடு என்பதும் உண்மை. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது. அதனால்தான் 2020 முதல் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதி நம் நாட்டில் வந்தது. சென்னையிலும் 2025-ல் மாநகர மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. வீணடிப்பைக் குறைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிய மாணவர் இன்று இருந்தால், புகையைக் குறைப்பது எப்படி என்றுதான் முதலில் யோசித்திருப்பார்.

ஆக்ஸ்பர்க் நகரில் டீசலுக்கு ஓர் அழகான கல் தோட்டம் இருக்கிறது. அதை அமைத்துக் கொடுத்தவர் ஜெர்மானியர் அல்ல, ஜப்பானியர்! சிறு விவசாயிகளுக்காகக் குட்டி டீசல் இன்ஜின் செய்த யான்மார் நிறுவனத்தைத் தொடங்கிய யமாவோகா மகோகிச்சி, 1957-ல் நன்றிக்கடனாகக் கொடுத்தது அது. சின்னத் தொழில் செய்பவருக்கும் இன்ஜின் கிடைக்க வேண்டும் என்ற டீசலின் ஆசை, கடல் தாண்டிப் போய் நிறைவேறியிருக்கிறது.

அடுத்த முறை ஆற்காடு சாலையில் பஸ் மேம்பாலம் ஏறும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தம் சீராக வந்தால், ஒரு மெக்கானிக் அண்ணன் எங்கோ பொறுமையாகத் தகட்டை நுழைத்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்!